நேர்வாசல் வைத்த குழி

"வெள்ளிக்கிழமை காலைக்குள் தண்ணீர் வரவேண்டும். இல்லாவிட்டால் மருத்துவர்களை வேறு முகாமுக்கு அனுப்பிவிடுவோம்!"

வயர்லெஸ்ஸில் தலைமையகத்தின் குரல் கரகரத்து நின்றது. அன்று புதன்கிழமை. சுகிர்தா "சரி" என்று மட்டும் சொன்னாள்.

தெற்கு சூடானின் சதுப்பு நிலத்தில், சண்டைக்கு நடுவே, எட்டு மருத்துவர்களும் தாதிமாரும் தங்கி வேலை செய்ய அவள் கட்டிய விடுதி தயாராக நின்றது. மண்மூட்டைச் சுவர், தகரக் கூரை, கட்டில்கள், எல்லாம் இருந்தன. போன வாரம் விழுந்த ஒரு ஷெல்லில் கிணற்று மோட்டார் மட்டும் எரிந்துபோயிற்று.

"பழைய முகாமில ஒரு மோட்டார் புதைச்சுக் கிடக்கல்லோ அக்கா?" என்றான் ரூபகாந்தன். அவளைப்போல் இலங்கையிலிருந்து வந்த மன்னார்க்காரன்; மெக்கானிக்கும் டிராக்டர் ஓட்டுநரும் அவன்தான்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த முகாமைக் கட்டியவர் சிவபாதம், வன்னிக்காரர். சண்டை நெருங்கியதும் பொருட்களைப் புதைத்துவிட்டு, ஒரு வரைபடம் கீறி வைத்துவிட்டுப் போனார். போன வருடம் காலமாகிவிட்டார். வரைபடம் கோப்பில் இருந்தது.

மூவரும் புறப்பட்டார்கள். மூன்றாமவன் உள்ளூர்க் கொத்தனார் மஜோக். அவன் மனைவிக்கு இந்த மாதம் பிள்ளை பிறக்க வேண்டும். அடுத்த மருத்துவமனைக்கு ஆறு நாள் நடை.

பதினைந்து மைல் சேறு! நாணலுக்குள் டிராக்டர் இரண்டு தடவை புதைந்தது. பழைய முகாமின் வேலி தெரிந்ததும் மஜோக் கையை உயர்த்தினான்.

"என் கால் வைத்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள்! கண்ணிவெடி இருக்கலாம்."

நடக்கும்போது ஆற்றுக்கு அப்பால் துப்பாக்கிகள் படபடத்தன. ரூபகாந்தன் சேற்றில் விழுந்து படுத்தான். சுகிர்தா நின்றபடியே சத்தத்தின் தூரத்தை மதிப்பிட்டாள்.

"அக்கா, விசரே உங்களுக்கு? குனியுங்கோ!"

"அது தூரத்தில. எழும்பும், தம்பி."

எல்லோரும் இதைத் தைரியம் என்றுதான் சொல்வார்கள். அது தைரியம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வயதில், வன்னியில், உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போனது. பிறகு அவள் பயந்ததும் இல்லை, அழுததும் இல்லை.

வரைபடத்தில் பெரிய மரத்தின் அடியில் பெருக்கல் குறி இருந்தது. நெஞ்சளவு ஆழம் தோண்டினார்கள். கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றும் இரண்டு எண்ணெய்த் தகரங்களும்தான் வந்தன.

"ஏமாத்திப்போட்டார் மனுசன்!" ரூபகாந்தன் மண்வெட்டியை எறிந்தான். மஜோக் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுகிர்தா வரைபடத்தை முழங்காலில் விரித்தாள். அவள் அம்மாவும் இப்படித்தான். தையல் மெசினை மாமரத்தடியில் குழி தோண்டித் தாட்டதாக ஊருக்கெல்லாம் சொன்னாள். தோண்ட வருகிறவன் அங்கேயே தோண்டட்டும் என்று! உண்மையில் தாட்டது வேறு இடத்தில். அந்த இடத்துக்கு மகள் இன்றுவரை போகவில்லை.

வரைபடத்தின் மூலையில் 'பங்கர்', அதாவது பதுங்குகுழி, என்று எழுதிய ஒரு கட்டம். அதற்கு நேராக ஒரு வாசல்.

"ரூபன், உங்கட வீட்டு பங்கருக்கு வாசல் எப்படி இருந்தது?"

"வேற எப்படி? 'ட' மாதிரி வளைச்சுத்தான். நேர வைச்சா ஷெல் துண்டு உள்ளுக்க வந்திடுமே. சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

"சிவபாதம் அண்ணைக்கும் தெரியும். இதைப் பாரும்."

ரூபகாந்தன் பார்த்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது. "நேர்வாசல்! அப்ப இது பங்கரே இல்லை!"

ஓடினார்கள், மஜோக்கின் தடத்திலேயே. புல் மூடிய மண்மேடு ஒன்று. மஜோக் பைத்தியம் பிடித்தவன்போல் வெட்டினான். இடுப்பளவில் நீலத் தறப்பாள் விரிப்பு தெரிந்தது! அதற்குள் கிறீஸ் பூசி, சாக்குச் சுற்றி, நேற்று வைத்ததுபோல மோட்டார் கிடந்தது.

மஜோக் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்து நிமிர்த்திப் பிடித்தான். மேலே இழுக்கக் கயிறு கட்ட சுகிர்தா குழிக்குள் இறங்கினாள். ஈரமண்ணின் மணம் முகத்தில் அடித்தது. வன்னியில் பங்கர் இடிந்து மூடிய அன்று அம்மாவின் சேலையில் கடைசியாக இருந்த மணம். முடிச்சுப் போட விரல்கள் மறுத்தன.

"அக்கா, கை நடுங்குது."

"ஓம்," என்றாள், அதிசயத்தைப் பார்ப்பதுபோல் தன் கையைப் பார்த்துக்கொண்டு.

வியாழன் மாலை விடுதிக் குழாய் செம்மண் நிறத் தண்ணீரைத் துப்பியது, பிறகு தண்ணீர் தெளிந்தது. வெள்ளி காலை ஹெலிகொப்டர் இறங்கியது! சுகிர்தா மருத்துவர்களுக்கு அறைகளைக் காட்டும் முன் வளைந்த வாசல் வைத்த பங்கரைக் காட்டினாள். நாலாம் நாள் அந்த விடுதியிலேயே மஜோக்கின் மகள் பிறந்தாள்.

தாட்டு வைத்தது தானாக மேலே வராது. யாராவது போய்த் தோண்டத்தான் வேண்டும். டிராக்டரில் திரும்பும்போதே அம்மாவின் மெசின் கதையை ரூபகாந்தனிடம் சொல்லியிருந்தாள். அன்று குழாயடியில் கை கழுவிக்கொண்டே சுகிர்தா கேட்டாள்:

"ரூபன், லீவில ஊருக்குப் போகேக்க என்னோட ஒருக்கா வாறீரா? ஒரு பங்கர் தோண்டி அம்மாவின்ர மெசினை எடுக்கோணும்."

"மாமரத்தடியில இல்லைத்தானே அக்கா?"

"இல்லை," என்றாள். "எனக்கு இடம் தெரியும்."