பதில் இழுப்பு

கடல் என்றாலே ஜெய்னுலாபுதீனுக்குப் பயம். துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தோணியில் என்ன வேலை? ஜப்பான்காரன் வந்தான், கடை மூடிக்கொண்டது, அரிசி கண்ணில் படவில்லை. பிள்ளைத்தாய்ச்சியான மனைவி நசீமா மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று வெளுத்துப் போயிருந்தாள். சுமத்ராவுக்குப் போனால் அரிசி கிடைக்கும் என்றார் தோணிக்காரர் அப்துல் கனி. அன்று காலை கிள்ளான் ஆற்றங்கரையில், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அவர் தோணியில் ஏறிவிட்டான்.

கனி அவன் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டினார். மறுமுனையில் வளையம் போட்டு, பாய்மரத்திலிருந்து சுக்கான் வரை ஓடிய தடித்த வடத்தில் மாட்டினார்.

"அலை தூக்கி அடிச்சாலும் இது உன்னை விடாது தம்பி. மழை வந்தா ஆளும் தெரியாது, சத்தமும் கேக்காது. நான் வடத்தை ரெண்டு தடவை இழுப்பேன். நீ உசுரோட இருந்தா அதே மாதிரி இழு."

"சரி, கனி நானா."

முகத்துவாரம் தாண்டியதும் சுமத்ராக் காற்று என்கிற திடீர்ப் புயல் பிடித்துக்கொண்டது. நடுப்பகல் மழையில் இருட்டிப் போயிற்று. சுக்கான் பக்கம் கனி இருக்கிறாரா என்றே தெரியவில்லை. ஜெய்னுலாபுதீன் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தான். வாயெல்லாம் உப்பு. அதோடு எங்கிருந்தோ அழுகிய வாடை ஒன்றும் வந்தது.

வடம் இரண்டு முறை இழுபட்டது.

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு. பதிலுக்கு இழுத்தான். மறுபடி இழுப்பு வந்தது. மறுபடி பதில் கொடுத்தான். மனுஷருக்கு நம்மேல் இவ்வளவு அக்கறையா என்று கனிமேல் பாசமே பொங்கிவிட்டது.

மழை சற்று ஓய்ந்தபோது, கனி சுக்கானைக் கட்டிப்போட்டுவிட்டுத் தவழ்ந்து வந்தார்.

"என் பக்கம் வடம் அப்பவே அறுந்துபோச்சு தம்பி."

அறுந்த வடம் தோணி விளிம்பைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கியிருந்தது. விறைப்பாக.

அது இரண்டு முறை இழுபட்டது.

கனியின் முகம் செத்துவிட்டது. "நீ பதில் குடுத்தியா?"

"நீங்கன்னு நினைச்சு..."

சொல்லி முடிக்கவில்லை. வளையம் வடத்தின்மேல் வழுக்கி, அவனை விளிம்புக்கு இழுத்துப் போனது. நனைந்து இறுகிய முடிச்சு, நகம் பெயர்ந்தும் அவிழவில்லை. கனி பாய்ந்து வந்து கத்தியால் இடுப்புக் கயிற்றை அறுத்துக் கடலில் எறிந்தார்.

தோணியைத் திருப்பினார்கள். அரிசியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். நசீமாவின் முகத்தைப் பார்த்தால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

புயலைப் பார்த்துப் பதறி, அவள் துறைக்கே வந்து நின்றாள். தோணியிலிருந்து கரைக்குப் போட்ட பலகையில் அவன் கால் வைத்தான். நின்றுவிட்டான்.

"ஏன் மச்சான் நிக்கிறீங்க? வாங்க."

"முடியல நசீமா."

இடுப்பைத் தடவிப் பார்த்தான். கயிறு இல்லை, ஈரக் கைலிதான் இருந்தது. அவன் கால்கள் பலகையில் மெல்லப் பின்னோக்கி வழுக்கின.

நசீமா ஓடி வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"விட்டுடு புள்ள. கையை விடு."

"மாட்டேன்" என்றாள்.

அவள் கால்களும் வழுக்கத் தொடங்கின.