கார்மேகம் தட்டும் விதம்

கப்பல் தொட்டியின் மூடியை முடுக்கிவிட்டு மற்றவர்கள் நிழலுக்குப் போன பிறகுதான் சேதுபதிக்கு அந்தச் சத்தம் கேட்டது. டொக்... டொக். பிறகு விடாமல் மூன்று. காலுக்குக் கீழே, தொட்டிக்குள்ளிருந்து.

அது கார்மேகம் தட்டும் விதம். தொட்டிக்குள் கத்தினால் எதிரொலிதான் மிஞ்சும். அதனால் இறங்குகிறவர்கள் ஸ்பானரால் இரும்பில் தட்டுவார்கள், மேலே காவல் நிற்கும் சேதுபதி பதிலுக்குத் தட்டுவான். ஆளுக்கு ஒரு விதம். கண்ணை மூடிக்கொண்டே யாரென்று சொல்லிவிடுவான்.

ஆனால் கார்மேகம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தங்கை அகிலாவின் புருஷன். கடைசியாக ஏறி வந்தவன். வெள்ளிக்கிழமை லீவில் ஊருக்குப் போகிறவன்.

ஏதோ ஒரு நாட்டுக் கடற்படையின் எண்ணெய்க் கப்பல் அது. எத்தனையோ வருஷம் நடுக்கடலில் போர்க்கப்பல்களுக்கு எண்ணெய் கொடுத்துவிட்டு, பேரையும் சுரண்டிவிட்டு, உடைபடுவதற்காக வளைகுடாவில் புஜைரா துறைமுகத்தில் நின்றது. பழைய டீசல் நெடியும் துருவும் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியான வெயிலில் உள்ளே இறங்கிய எல்லோரும் சட்டையைப் பிழிந்து காயப்போட்டிருந்தார்கள். கார்மேகத்தின் சட்டை நனையவே இல்லை.

"மாப்ள, ஒன் ஸ்பானர் எங்க?"

"உள்ள."

அவ்வளவுதான். வாயைத் திறந்தால் மூடாத பயல். சேதுபதி தரையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தான். உள்ளிருந்து உடனே பதில் வந்தது. அவசரமாக.

கப்பல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உடைக்கும் இடத்துக்கு இழுத்துப்போகும் முன் அதை நிமிர்த்த அந்தத் தொட்டியில் கடல்தண்ணீர் நிரப்ப வேண்டும். பம்ப் பக்கத்தில் நின்று ஃபோர்மேன் கலீல் ரஹ்மான் கத்தினார்.

"சேது! எல்லாரும் ஏறியாச்சா? முடிஞ்சுதா, கலாஸா?"

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். இரண்டில் ஒன்றை நம்பித்தான் ஆகவேண்டும் என்றால்? யார் உள்ளே இருப்பதாகச் சொல்வது? கார்மேகம் இதோ இருக்கிறான். பயம் வரவேண்டிய இடத்தில் சேதுபதிக்கு ஒன்றுமே வரவில்லை. வாய் மட்டும் பழக்கத்தில் திறந்தது.

"கலாஸ்ண்ணே."

தண்ணீர் உள்ளே பாய்ந்தது. தட்டல் மேலே ஏறியது. ஏணியில். மூடிக்கு அடியில். ஸ்பானரால். கையால். நகத்தால்.

நின்றுவிட்டது.

கேம்ப்புக்குத் திரும்பும் பஸ்ஸில் கார்மேகம் முன் சீட்டுக் கம்பியில் விரலால் தட்டினான். விட்டு விட்டு இரண்டு. பிறகு நான்கு. தப்பு. கொஞ்ச நேரம் யோசித்தான். மறுபடி தட்டினான்.

விட்டு விட்டு இரண்டு. விடாமல் மூன்று.

"அகிலாவுக்குப் போன் போடு மச்சான்."

சேதுபதியின் கை போட்டது. பக்கத்தில் புருஷனைப் பார்த்ததும் திரையில் தங்கையின் முகம் மலர்ந்தது.

"என்னங்க, வெள்ளிக்கிழமை கண்டிப்பா வந்துருவீங்கல்ல? பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா."

கார்மேகம் போனை வாங்கி முகத்துக்கு வெகு கிட்டத்தில் வைத்துப் பார்த்தான்.

"வந்துருவேன்."

சிரித்தான். சரியாக வரவில்லை. மறுபடி சிரித்தான்.