சோளக்கதிர் பீடி குடிக்குமா?

அன்று பள்ளிக்கூட வராந்தாவில் இருந்தவர்கள் இவர்கள்தான்: குப்பண்ணன், அவர் மனைவி கமலாத்தாள், குப்பண்ணனின் தம்பி மகள் முத்தாத்தாள், மாவு மில் அர்த்தநாரி, வெளியூரிலிருந்து வந்த பெண் டாக்டர் ஞானஜோதி, டாக்டரின் உதவியாளர் சுவக்கீன். காகிதம் தின்ன வந்த ஒரு வெள்ளாட்டையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். ‘நானும் அங்கேதான் இருந்தேன், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்’ என்று பின்னால் சொல்லித் திரிந்தவர்கள் ஒருவரும் அங்கே இருக்கவில்லை. ஒரு குடும்பத்தின் பெயர் சம்பந்தப்பட்ட கதை இது. ஆகவே இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நடந்தது 1975ஆம் ஆண்டு, பெருமாட்டிப் பக்கத்தில்.

முத்தாத்தாளுக்கு அப்போது பத்து வயது. அவளுடைய அப்பா மலைமேலே சித்திரபுரத்தில் மின்சார வாரிய வேலையில் இருந்தார். படிப்புக்காக அவளைப் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். தலை பின்னிவிடுவது, சோறு ஊட்டுவது, காய்ச்சலில் பக்கத்தில் படுத்துக்கொள்வது எல்லாமே பெரியம்மா கமலாத்தாள்தான்.

டாக்டர் ஞானஜோதி ஊசி போட வரவில்லை. மூச்சை அளக்க வந்திருந்தார். யாருக்கு இருமல் இருக்கிறது, யாருக்கு மூச்சு இரைக்கிறது, அது எதனால் வருகிறது என்று ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவரிடம் மேசைக் கடிகாரம்போல வட்டமான ஒரு கருவி இருந்தது. அதன் குழாயில் வாய் வைத்து ஒரே மூச்சில் ஊதினால் முள் ஓடும்.

முதலில் அர்த்தநாரி ஊதினார். கன்னம் இரண்டும் பணியாரம்போல உப்பின. முள் அசையவில்லை. காற்று முழுவதும் வாயோரமாகப் பீய்ச்சியடித்தது.

“அண்ணாச்சி, காத்து குழாய்க்குள்ள போகணும். என் மூஞ்சிக்கு வேண்டாம்” என்றார் சுவக்கீன்.

அடுத்து குப்பண்ணன். கொடிக்கம்பம்போல நிமிர்ந்து நின்று ஊதினார். முள் விர்ரென்று ஓடியது.

“எங்க பரம்பரை மூச்சுங்க!” என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

முத்தாத்தாளும் நன்றாகவே ஊதினாள்.

பிறகு கமலாத்தாள் ஊதினார். முள் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. இன்னொரு முறை ஊதச் சொன்னார்கள். இருமல்தான் வந்தது.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. “வருஷக்கணக்கா பீடி குடிச்சவங்களுக்குத்தான் முள் இப்படி நிக்கும்” என்று சுவக்கீனிடம் மெல்லச் சொன்னார். பிறகு எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். “ஏம்மா, பீடி, சுருட்டு ஏதாவது பழக்கம் உண்டா?”

அர்த்தநாரியின் காது நிமிர்ந்தது. குப்பண்ணனின் முகம் சிவந்தது.

“எந்திரி கமலா. ஊட்டுக்குப் போலாம்.”

அர்த்தநாரியின் மில்லில் மிளகாய் மட்டுமா அரையும்? ஊர்ச் செய்தியும் அரையும். மிளகாய்கூட இரண்டாம் முறை போட்டால்தான் நைசாகும். செய்தி ஒரே ஓட்டத்தில் நைசாகிவிடும். மறுநாளே வகுப்பில் ஒருத்தி முத்தாத்தாளிடம் கேட்டாள்.

“ஏம்புள்ள, உங்க பெரீம்மா ஒளிஞ்சு ஒளிஞ்சு பீடி குடிக்கறாங்களாமா? தீப்பெட்டி நீதான் வாங்கித் தர்றியாமா?”

முத்தாத்தாள் சிலேட்டை ஓங்கினாள். டீச்சர் வந்ததால் சிலேட்டும் தப்பியது, அந்தத் தலையும் தப்பியது.

அன்றிலிருந்து கமலாத்தாள் வாசல் தாண்டவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. அடுத்த வியாழக்கிழமை டாக்டர் மறுபடி வருவதாகவும், கமலாத்தாள் அவசியம் வர வேண்டும் என்றும் தகவல் வந்தது.

“இந்த ஊட்டுப் பொம்பளை அந்தக் குழாய்ப் பக்கமே போகக்கூடாது” என்றார் குப்பண்ணன். அதற்குமேல் பேச்சில்லை. அடுக்களையில் கமலாத்தாள் இருமினார். குப்பண்ணன் எழுந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தார். எப்போதுமே அப்படித்தான். இருமல் கேட்டால் ரேடியோ உரக்கப் பாடும். பெரியப்பாவுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று முத்தாத்தாளுக்குப் புரியவில்லை.

அவளுக்குப் பயமாக இருந்தது. கிணற்றிலிருந்து குடத்தோடு வரும் பெரியம்மா இப்போதெல்லாம் வழியில் இரண்டு தடவை உட்காருகிறார். டாக்டரிடமும் போகாவிட்டால் என்ன ஆகும்?

புதன்கிழமை சாயங்காலம் அவள் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கமலாத்தாள் ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். தென்னை மட்டை ஈரம். புகை மண்டியது. மேலே கூரையின் வளைச் சட்டத்தில் விதைச் சோளக்கதிர்கள் கட்டுக் கட்டாகத் தொங்கின. அந்த வீட்டு விதை என்றால் சுற்றுவட்டாரத்தில் தனி மரியாதை. ஆடிப் பட்டத்துக்கு நாலு ஊர்க்காரர்கள் வந்து வாங்கிப் போவார்கள். ஒரு மணியில்கூட வண்டு இருக்காது.

“பெரீம்மா, நம்ம விதைல மட்டும் ஏன் வண்டு விழறதில்லை?”

“புகை அண்டுனா வண்டு அண்டாது கண்ணு. மூச்சு முட்டிச் செத்துப்போயிரும். அதுக்குத்தான உங்க பெரீப்பா அந்தப் பலகையை அடிச்சு வெச்சிருக்கறாரு.”

முத்தாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். முன்பு ஓட்டுக்கூரையில் புகை போக ஒரு திறப்பு இருந்தது. புகை வீணாக வெளியே போகிறதே, விதைக்கு வேண்டுமே என்று குப்பண்ணன் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்.

கமலாத்தாள் மறுபடி இருமினார்.

முத்தாத்தாள் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். கதிரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள்.

மறுநாள் காலை, ஒரு கதிரைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். டாக்டர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அர்த்தநாரி. இந்த முறை காற்று குழாய்க்குள் போக வேண்டும் என்று அவர் வீட்டில் பழகிக்கொண்டு வந்திருந்தார்.

முத்தாத்தாள் கதிரை மேசைமேல் வைத்தாள்.

“டாக்டரம்மா, இந்தச் சோளக்கதிர் பீடி குடிச்சுதுங்களா?”

அர்த்தநாரி கடகடவென்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கதிரை எடுத்துத் தடவிப் பார்த்தார். விரல் கருப்பானது.

“இது எங்கே இருந்துது?”

“எங்க அடுப்புக்கு மேலைங்க. அந்தப் புகைல வண்டே செத்துப்போயிருமுங்க. பெரீம்மா விடிஞ்சதுலிருந்து அதுக்குள்ளதான் இருக்கறாங்க. அவங்க பீடியைத் தொட்டதுகூட இல்லீங்க.”

டாக்டர் ஞானஜோதி தன் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார்.

“பீடி இருக்கு. சுருட்டு இருக்கு. அடுப்பைப் பத்தி ஒரு கேள்வி இல்லை பாருங்க சுவக்கீன்” என்றார். பிறகு அர்த்தநாரி பக்கம் திரும்பினார். “அந்த அம்மாவுக்குப் பீடிப் பழக்கம் இல்லை. நான் சொன்னது தப்பு. உங்க மில்லுல அப்படியே சொல்லிடுங்க.”

“பொழுது சாயறதுக்குள்ள சொல்லிப்போடறனுங்க.”

“மாவு அரைக்க வராதவங்களுக்குங்க?” என்று கேட்டாள் முத்தாத்தாள்.

“சைக்கிள்ல போயிச் சொல்றன் தாயி” என்றார் அர்த்தநாரி.

டாக்டர் முத்தாத்தாளையும் கூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் குப்பண்ணன் விறைத்து நின்றார். ஆனால் வந்தவர்களை வெளியே நிறுத்துவது அந்த வீட்டில் என்றைக்கும் வழக்கமில்லை.

“வாங்க. உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா?”

“உங்க அடுக்களையைப் பாக்கணும் ஐயா.”

அடுப்பு எரியும் நேரத்தில் குப்பண்ணன் அடுக்களைக்குள் போனதே கிடையாது. அவருக்குச் சாப்பாடு கூடத்துக்கு வரும். இருந்தாலும் தன் வீட்டுக் குறையைத் தனக்குத் தெரியாமல் பிறர் பார்க்கக்கூடாது அல்லவா? அவரும் உள்ளே போனார். முதுகை நிமிர்த்தி மணையில் உட்கார்ந்தார்.

கமலாத்தாள் அடுப்பை ஊதினார். புகை எழுந்தது. டாக்டர் முந்தானையால் மூக்கைப் பொத்தினார். குப்பண்ணன் அசையவில்லை. கண் சிவந்தது, அசையவில்லை. மூக்கு ஒழுகியது, அசையவில்லை. கடைசியில் பரம்பரை மூச்சு திணறியது. இருமிக்கொண்டே எழுந்து அடுக்களை வாசற்படிக்கு ஓடினார்.

“சித்த நேரத்துக்கே இப்படிங்களா!” என்றார் மூச்சு வாங்கியபடி.

“இவங்களுக்குப் போன மூச்சு முழுசாத் திரும்பாதுங்க ஐயா. மருந்து தர்றேன். ஆனா புகை நின்னாத்தான் இருக்கிற மூச்சைக் காப்பாத்த முடியும்” என்றார் டாக்டர்.

குப்பண்ணன் மேலே பார்த்தார். பலகையைத் திறந்தால் விதை என்னாவது? நாலு ஊர்க்காரர்களுக்கு என்ன பதில்? அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் பார்வை போன இடம் முத்தாத்தாளுக்குத் தெரிந்தது.

“பெரீப்பா, விதைக்குத்தானுங்க புகை வேணும்? நம்ம கொப்பரை காயப்போடற கொட்டாயில எந்நேரமும் செரட்டைப் புகைதான். அங்க யாரும் உக்கார்றதில்லீங்களே? ஓரத்து வளைல கட்டுனா சூடும் படாது.”

குப்பண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

“அந்தக் கடப்பாரையை எடு அம்முணி.”

ஆணி அடித்தவர் அவர். பிடுங்குவதும் அவராகவே இருக்க வேண்டும். ஏணி வைத்து ஏறினார். பலகை கிரீச்சிட்டுப் பெயர்ந்தது. பட்டியைத் திறந்ததும் ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு போவதுபோலப் புகை வெளியே ஓடியது. வெயில் நேராகக் கமலாத்தாளின் முகத்தில் விழுந்தது. அடுக்களையில் அவர் முகம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததே இல்லை.

“ஏன் கமலா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?” என்று ஏணிமேலிருந்து கேட்டார் குப்பண்ணன்.

“சொன்னா நீங்க தொறந்துருவீங்க. விதை கெட்டு உங்க பேருக்கு ஒரு சொல் வந்துருமேன்னுதானுங்க.”

குப்பண்ணன் மேலும் ஒரு படி ஏறி, தலையைத் திறப்பு வழியாக வெளியே நீட்டிக்கொண்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். கொஞ்ச நேரம் தலை வெளியிலேயே இருந்தது. அந்த நேரம் பார்த்து, ஊரெல்லாம் சேதி சொல்லப் போன அர்த்தநாரியின் சைக்கிள் அந்தப் பக்கமாக வந்தது.

இருமல் கேட்டதும் ரேடியோ ஏன் உரக்கப் பாடியது என்று முத்தாத்தாளுக்கு அப்போதுதான் புரிந்தது. அது கோபம் இல்லை; அந்த இருமலைக் கேட்கத் தாங்காமல்தான்.

டாக்டர் ஞானஜோதி தன் கேள்வித்தாளில் அடுப்பையும் சேர்த்துக்கொண்டார். அதன்பிறகு எந்த ஊருக்குப் போனாலும் பெண்களிடம் முதலில் அதைத்தான் கேட்டார். கமலாத்தாள் மருந்து சாப்பிட்டார். சில மாதங்களில் கிணற்றிலிருந்து வரும் வழியில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தால் போதும் என்றானது. கோயிலுக்கும் போனார். ஆடியில் விதை வாங்க நாலு ஊர்க்காரர்களும் வந்தார்கள். ஒரு மணியில்கூட வண்டு இல்லை.

பீடிப் பேச்சு அடங்கிவிட்டது. ஆனால் மில் ஓட வேண்டுமே! ஒருநாள் கம்பு அரைக்கப் போன முத்தாத்தாளிடம் அர்த்தநாரி எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

“ஏன் அம்முணி, உங்க பெரீப்பா அன்னிக்கு ஓட்டுக்கு மேல தலையை நீட்டி அழுதாரல்ல? என்ற கண்ணால பாத்தன்.”

முத்தாத்தாள் மாவுத் தூக்குவாளியை மூடினாள்.

“இல்லீங்க. எங்க பெரீப்பா அழுகலை. அது புகைங்க.”