நடுவில் வந்தவன்

காட்டோரத்து வீட்டு வாசலில் கார் வந்து நின்றதும் பெரியக்கா முன்சீட்டிலிருந்து இறங்கினாள். சின்னக்கா பின்சீட்டிலிருந்து இறங்கினாள். வழி முழுக்க இரண்டு பேரும் ஒருத்தியோடு ஒருத்தி பேசிக்கொள்ளவில்லை. தம்பி மூலமாக மட்டும் நிறையப் பேசினார்கள்.

“கார் கண்ணாடியை ஏத்தச் சொல்லு. குளிருது.”

“பெரியக்கா, சின்னக்கா கண்ணாடியை ஏத்தச் சொல்றாங்க.”

“ஏத்தியாச்சுன்னு சொல்லு அந்தம்மாகிட்ட.”

“சின்னக்கா, ஏத்தியாச்சாம்.”

தம்பியின் பிள்ளைகள் அவனுக்கு ‘தபால்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். “ரெண்டு பேருக்கும் நான்தான் பவர் பாத்துக் கண்ணாடி போட்டேன். என்ன பிரயோஜனம்? ஒருத்தி மூஞ்சியை இன்னொருத்தி பாக்க மாட்டேங்குறாளே” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

சிரிக்கிற விஷயமில்லை அது. பெரியக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. தையல் மெஷினைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டவள் சின்னக்காதான். அம்மா போன அன்றைக்கு, எல்லோரும் இருக்கும்போது, “ஊரு நோயாளிக்கெல்லாம் ஊசி போட்டவ, அம்மாவுக்கு மட்டும் விருந்தாளியா வந்துட்டா” என்று சொல்லிவிட்டாள். அதோடு சரி. பேச்சு நின்றது.

குளிர்கால விடுமுறைக்கு இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்ததே தம்பிதான். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் அடைத்துப் போட்டால் எப்படிப் பேசாமல் இருப்பார்கள் என்பது அவன் கணக்கு.

வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்த பெண் பின்பக்கம் கையைக் காட்டினாள். “அதோ அந்தப் பாதையைப் பாக்கத்தான் எல்லாரும் வர்றாங்க. போறதுன்னா இப்பவே போயிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிடுங்க. மூடுபனி இறங்குது.”

“யாரு போட்ட பாதைம்மா?” என்றான் தம்பி.

“யாருக்குத் தெரியும்? ஊரு வர்றதுக்கு முன்னாடியே அது இருந்துச்சாம். ஒரு ஆளு நடக்கத்தான் அகலம். முன்னால போறவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. பேசிக்கிட்டே போங்க, சத்தத்தை வச்சுக்கிட்டு வழி தவறாம வந்துடலாம்.”

“சரியாப்போச்சு. எங்க வீட்ல அதுதானே பிரச்சினையே” என்று அவன் சிரித்தான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டாள்.

கிளம்பும்போது பெரியக்கா அவனைப் பிடித்து நிறுத்தினாள். “சர்க்கரைக்கு ஊசி போட்டியா?”

“போட்டாச்சு.”

“ஒழுங்கா சாப்பிட்டியா?”

“எங்க சாப்பிட்டேன்? ஓட்டல்ல உங்க ரெண்டு பேர் சேதியை மாத்தி மாத்திச் சொல்லியே சாப்பாடு ஆறிப்போச்சு. பாதியிலேயே எழுந்துட்டேன். போற வழியில எதாவது குடு.”

ரொட்டியும் மிட்டாயும் ஃபிளாஸ்க்கும் பெரியக்காவின் பையில் இருந்தன. அவள் முன்னால் நடந்தாள். தம்பி நடுவில். சின்னக்கா கடைசியில்.

அது பாதை என்பதைவிடப் பள்ளம். எத்தனையோ தலைமுறைக் கால்களும் குளம்புகளும் சக்கரங்களும் தேய்த்துத் தேய்த்துத் தரை கீழே இறங்கிவிட்டிருந்தது. இரண்டு பக்கமும் மண்சுவர் தலைக்கு மேலே எழுந்து நின்றது. சுவரைக் கிழித்துக்கொண்டு வேர்கள் தொங்கின. இலை உதிர்ந்த மரங்கள் மேலே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வானத்தை மூடின. ஊறிப்போன இலையின் வாசனை. அதற்கு அடியில், பூட்டியே கிடந்த அலமாரியைத் திறந்தால் வருகிற மாதிரி இன்னொரு வாசனை.

காலடியில் வேர் தடுக்கியது. பெரியக்கா தரையைப் பார்த்தே நடந்தாள். திரும்பிப் பார்க்க நேரமில்லை. திரும்பினாலும் வெள்ளையாகப் பனிதான்.

“மெதுவாப் போகச் சொல்லு.”

“பெரியக்கா, மெதுவாப் போகணுமாம்.”

“செருப்புக் கடையில நல்ல பூட்ஸ் விக்குதுன்னு சொல்லு.”

“சின்னக்கா, பூட்ஸைப் பத்தி ஒரு சேதி வந்திருக்கு. நான் சொல்ல மாட்டேன்.”

பின்னால் சின்னக்கா சிரித்தது கேட்டது. பெரியக்காவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

சிறிது தூரம் போனதும் பின்னால் வந்த காலடி நின்றது. மறுபடி கேட்டது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

“என்னடா, முடியலையா?”

“முடியுது பெரியக்கா.”

குரல் முன்பைவிடப் பக்கத்தில் இருந்தது.

“இந்தா, ரொட்டி சாப்பிடு.” ரொட்டியை எடுத்துத் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டினாள். கை லேசாயிற்று. வாங்கிக்கொண்டான். விரல் படவில்லை, குளிர் மட்டும் பட்டது.

“சின்னக்கா கேக்குறாங்க, உன் முழங்கால் வலி எப்படி இருக்குன்னு.”

இத்தனை வருஷத்தில் சின்னவள் அப்படியெல்லாம் கேட்டதில்லை. “பரவாயில்லன்னு சொல்லு.”

“சின்னக்கா கேக்குறாங்க, ராத்திரியில தூக்கம் வருதான்னு.”

“...வருதுன்னு சொல்லு.”

“வரலன்னு சொல்றாங்க.”

“யாருடா சொல்றா?”

காலடி மட்டும் கேட்டது. தன் காலடியா, அவனுடையதா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் விழுந்தன.

பனி இன்னும் கெட்டியாயிற்று. எங்கோ ஒரு கிளை முறிந்து விழுந்தது.

“பெரியக்கா.”

“சொல்லு.”

“சின்னக்கா சொல்றாங்க, அம்மா கடைசியா உன்னத்தான் கேட்டாங்களாம். ‘பெரியவ வந்துட்டாளா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.”

பெரியக்காவின் கால் நின்றுவிட்டது.

“சின்னக்கா விளக்கை அணைச்சுட்டு, உன் குரல் மாதிரியே ‘வந்துட்டேம்மா’ன்னு சொன்னாங்களாம். அம்மா நம்பிட்டாங்களாம். கையைப் பிடிச்சுக்கிட்டாங்களாம். அப்புறம்தான் போனாங்களாம்.”

“ஏய்!”

அவளே எதிர்பார்க்கவில்லை. தம்பியைத் தாண்டி, நேராகத் தங்கையைக் கூப்பிட்டுவிட்டாள்.

“ஏய் சின்னவளே! என்ன சொன்ன நீ?”

பனிக்குள்ளிருந்து சின்னக்கா வந்தாள். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“என்னையா கூப்பிட்ட?”

“அம்மாகிட்ட என் குரல்ல பேசினியா? அதை இப்படியா சொல்லி அனுப்புவ?”

“நான் எதுவும் சொல்லி அனுப்பலக்கா. நான் வாயைத் திறந்தே ரொம்ப நேரமாச்சு.” அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். “அது... அது யாருக்குமே தெரியாதே. தம்பிக்குக்கூடத் தெரியாதே.”

“அவன்தானே இப்ப சொன்னான்!”

“எங்க அவன்?”

“உனக்கு முன்னாலதானே வந்தான்?”

“உனக்குப் பின்னாலதானே இருந்தான்? அவன் குரல் கேட்டுக்கிட்டே இருந்துச்சே, வார்த்தைதான் புரியல!”

இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். நடுவில் யாரும் இல்லை. இரண்டு பேருடைய மூச்சும் புகையாக வந்து அந்த இடத்தில் கலந்தது.

அந்த இடத்திலிருந்து குரல் வந்தது.

“பெரியக்கா, தம்பி எங்கன்னு சின்னக்கா கேக்குறாங்க.”

இரண்டு பேரும் ஆளுக்கு ஓரடி பின்வாங்கினார்கள்.

“சின்னக்கா, பெரியக்காவும் அதையேதான் கேக்குறாங்க.”

சின்னக்கா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது குரல் பாதையின் முன்பக்கத்திலிருந்து, மேட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. உற்சாகமாக இருந்தது. “இங்கதான் இருக்கேன்! வாங்க ரெண்டு பேரும்! வழி நல்லா இருக்கு!”

“அக்கா, அவன் அங்க போயிட்டான் போல. வா, போலாம்.”

“நில்லு.”

“அவன்தாங்க்கா கூப்பிடுறான்! அவன் குரல்தானே!”

பின்பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. வெறும் வெள்ளை. பெரியக்கா அந்தப் பக்கத்தையே பார்த்தாள். எத்தனையோ வார்டுகளில் எத்தனையோ பேரைப் பார்த்தவள் அவள்.

“ஊசி போட்டுக்கிட்டான், பாதி சாப்பாட்டுல எழுந்துட்டான், இவ்வளவு தூரம் நடந்திருக்கான். சர்க்கரை இறங்கியிருக்கும்டி. சர்க்கரை இறங்கினா அவனுக்குப் பேச்சே வராது. போன தடவை கடையில விழுந்தப்போ எப்படி இருந்தான்? ஒரு வார்த்தை சொன்னானா?”

“இல்ல.”

“அப்ப, பேசுறது அவன் இல்ல.”

இரண்டு பேரும் சத்தம் வராத பக்கம் திரும்பினார்கள். பாதை அத்தனை குறுகல்; இப்போது சின்னக்கா முன்னால், பெரியக்கா பின்னால்.

“பேசிக்கிட்டே நட. என்கிட்ட பேசு. அதை நடுவுல விடாத.”

“என்னத்தப் பேசுறது?”

“என்ன வேணா பேசு. திட்டு.”

“நீ வந்திருக்கணும்க்கா.”

“வந்திருக்கணும்.”

“அம்மா வாசல் பக்கமே பாத்துக்கிட்டுக் கிடந்தாங்க. எனக்குக் கோபம். நான் பக்கத்துலயே இருக்கேன், உன்னக் கேக்குறாங்களேன்னு.”

“சின்னக்கா பொய் சொல்றாங்க—” என்று பெரியக்காவின் காதோரம் அந்தக் குரல் தொடங்கியது.

“சத்தமாப் பேசுடி!”

“உன் குரல்ல பேசினது தப்புதான்! ஆனா அம்மா சிரிச்சாங்கக்கா! நான்னு தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பாங்களான்னு தெரியல!” அவள் அழுதுகொண்டே கத்தினாள்.

“உன் கையைத்தானே பிடிச்சுக்கிட்டாங்க! பெத்தவளுக்குக் கை தெரியாதா? என் கை கரடுமுரடு, உன் கையில ஊசிக் குத்து. தெரியாமலா இருந்திருக்கும்?”

சின்னக்கா விம்மினாள். பிடி இறுகியது.

பெரியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிடித்திருந்த கையில் விரல்கள் அதிகமாக இருந்தன.

“விட்டுடாத” என்றாள் மெதுவாக.

“நான் விடல. ஆனா, அக்கா...”

“தெரியும். கீழ பாக்காத. நட.”

மண்சுவரில் ஓரிடத்தில், வேர்களுக்குப் பின்னால், ஒரு ஆள் ஒதுங்குகிற அளவுக்குக் குழிவு. வரும்போது இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. அதற்குள் தம்பி உட்கார்ந்திருந்தான். அந்தக் குளிரிலும் சட்டை வேர்த்து நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை.

கையில் இருந்த அதிகப்படி விரல்கள் காணாமல் போயின.

“மிட்டாயை நசுக்கு. பொடியாக்கு. குடிக்க எதுவும் ஊத்தாத, புரையேறும்.” பெரியக்காவின் குரல் வார்டுக் குரலாகிவிட்டது. பொடியை விரலில் தொட்டு அவன் கன்னத்தின் உட்புறம் தேய்த்தாள். மறுபடி தொட்டாள். மறுபடி தேய்த்தாள். சின்னக்கா தன் கோட்டைக் கழற்றி அவனைச் சுற்றினாள். “டேய், தபாலு. எழுந்திருடா. அக்கா ரெண்டு பேரும் பேசிட்டோம்டா. எழுந்து பாருடா.”

வெகுநேரம் அப்படியே கிடந்தான். பிறகு தொண்டை ஏறி இறங்கியது. கண் சின்னக்காவிடம் வந்தது, பெரியக்காவிடம் போனது.

“ஏண்டா கூப்பிடல? உக்காரும்போதே ஒரு சத்தம் குடுக்கக் கூடாது?”

அவன் நாக்கு குழறியது. “கூப்பிடப் போனேன். அதுக்குள்ள... ஒருத்தர் வந்து சொன்னாரு. ‘பெரியக்கா உன்னை இங்கயே உக்காரச் சொல்றாங்க. சின்னக்கா சத்தம் போட வேணாங்கிறாங்க’ன்னு. சரின்னு உக்காந்துட்டேன்.”

“யாருடா அது?”

“முகம் பாக்கல. உங்களுக்கும் எனக்கும் நடுவுல நின்னாரு.”

இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தோளைத் தாங்க முடியாத பாதை அது. முன்னால் ஒருத்தி இழுக்க, பின்னால் ஒருத்தி தள்ள, வாய் ஓயாமல் ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டே வெளியே வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை நல்ல வெயில். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பயமில்லை என்று சொல்லிப் போனார். முன்னறையில் கம்பளிக்குள் தம்பி அசந்து தூங்கினான். சமையலறையில் பெரியக்கா அடுப்புப் பக்கம், சின்னக்கா பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம், முதுகுக்கு முதுகாக நின்றார்கள். விடிந்ததிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. எல்லாவற்றையும் பேசியாயிற்று. இனி ஒன்றும் பாக்கியில்லை என்ற ஒரு சுகமான அமைதி.

பெரியக்கா பாலைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று தொட்டியில் தட்டு விழுந்தது.

“இன்னும் அதையேவா நெனச்சுக்கிட்டு இருக்க?” சின்னக்கா திரும்பியிருந்தாள். கண் கலங்கியிருந்தது. “ஒரு நாள் முன்னாடியே நான் ஃபோன் பண்ணியிருந்தா நீ வந்திருப்பேன்னு? வேணும்னேதான் நான் பண்ணலைன்னு?”

பெரியக்காவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அந்த நிமிஷத்தில் மனசில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் உதடு அசையவில்லை.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“நீ சொல்லல. தம்பி இப்பதானே வந்து சொல்லிட்டுப் போனான்.”

திறந்திருந்த கதவு வழியாக முன்னறை தெரிந்தது. தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கம்பளி சீராக ஏறி இறங்கியது.

இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வெயில் விழுந்திருந்தது. பால் பொங்கி வழிந்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

பெரியக்காவின் காதுக்குப் பக்கத்தில் குளிர் பட்டது.

“பெரியக்கா... சின்னக்கா இப்ப என்ன நெனைக்கிறாங்கன்னா...”