ஒன்பதாவது மேஜை

புதைத்தது எட்டுப் பலகை. தோண்டி எடுத்தது ஒன்பது.

"நீ எண்ணின லட்சணம் அது, மாப்ளே," என்று மச்சான் அவனைப் பார்த்துச் சிரித்தார். பளிங்கு மேஜைப் பலகைகளில் வண்ணக்கல் பதிப்பது அவன் வேலை. அதை நூறு வருஷப் பழசு என்று பணக்காரப் பயணிகளின் தலையில் கட்டுவது மச்சானின் வேலை. ஆறு மாதம் முற்றத்து ஈரமண்ணில் கிடந்தால் எந்தப் புதுப் பளிங்குக்கும் வயதாகிவிடும்.

ஆனால் ஒன்பதாவது பலகை அவன் கைவேலை இல்லை. பூ இல்லை, கொடி இல்லை. அதில் இருந்தது இதே முற்றம். அதே தண்ணீர்க் குழாய், சுவரில் சாய்ந்த அதே ஏணி. ஏணியடியில் கல் பதிக்காத ஒரு குழி, படுத்திருக்கும் பூனையின் வடிவத்தில். கழுவக் கழுவ மண்வாடை மட்டும் போகவேயில்லை.

மறுநாள் காலை பட்டறைப் பூனையைக் காணோம். குழியில் சாம்பல்நிறக் கல் கச்சிதமாகப் பதிந்திருந்தது. இடது காதில் பாதி இல்லை. அவர்கள் பூனைக்கும் இல்லை.

பலகையில் குழாயருகே புதிதாக இன்னொரு குழி. இரட்டைச் சடை. தோளில் பை.

மனைவி போனபிறகு அவனுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு மகள்தான். செருப்புக்கூடப் போடாமல் பள்ளிக்கு ஓடினான். வகுப்பில் இருந்தாள். ஜன்னல் வழியே அவனைப் பார்த்துப் பழிப்புக் காட்டினாள். போன உயிர் திரும்பி வந்தது.

பலகையை உடைத்துவிடலாம் என்றான். மச்சான் கேட்கவில்லை, விடுதிப் பயணி அதைத்தான் கேட்டிருக்கிறார், நாலு மணிக்கு வண்டி வருகிறது. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. குழி காலியாக இருப்பதால்தானே ஆள் தேடுகிறது? கல்லை வைத்து அடைத்துவிட்டால்?

சடைக்குக் கருங்கல். முகத்துக்குச் சிப்பி. அவசரத்தில் அரம் வழுக்கிச் சிப்பிக் கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தது. அரக்கை உருக்கி ஊற்றிப் பதித்தான். வழக்கம்போல நகத்தால் தட்டிப் பார்த்தான். சரியாக உட்காராத கல் வெற்றுப் பானைபோலச் சத்தம் போடும். இது கெட்டியாக டக்கென்றது. பெருமூச்சு விட்டான். பலகையைப் பெட்டிக்குள் வைத்து, வைக்கோல் திணித்து ஆணி அடித்தார்கள்.

நாலு மணி. பையைத் தூக்கி எறிந்துகொண்டே வருகிற மகள் இன்று சத்தமில்லாமல் வந்தாள். குழாயருகே நின்றாள்.

"வாலு, இங்க வா."

வரவில்லை. அவனே போனான். முகத்தைக் கையில் ஏந்தினான். சில்லென்றிருந்தது. மண்வாடை. கன்னத்தில் ஒரு கீறல், அரம் வழுக்கிய அதே இடத்தில். அவள் கண் இமைக்கவில்லை.

பழகிய விரல் தானாக எழுந்து அவள் நெற்றியில் தட்டியது.

டக்.

தெருவில் வண்டி கிளம்பும் சத்தம். மச்சான் வாசலில் நின்று கத்தினார். "மாப்ளே, பெட்டிக்குள்ள எலி கிலி மாட்டிக்கிச்சா? ஏதோ தட்டுதே?"

வண்டி நகர்ந்தது. உள்ளேயிருந்து யாரோ நகத்தால் தட்டிக்கொண்டே போனார்கள்.