போர்டிகோவில் ஏறியவர்

மைக்கில் தன் வண்டி நம்பரைக் கூப்பிட்டதும் டிரைவர் டென்சில் காரைப் போர்டிகோவுக்குக் கொண்டுவந்தான். படியில் மேடமும் இல்லை, பாப்பாவும் இல்லை.

அந்தக் காலத்தில் துரைமார்கள் குதிரை வண்டியிலிருந்து நனையாமல் இறங்குவதற்காகக் கட்டிய கல் போர்டிகோ அது. இப்போது பங்களாவே கல்யாண மண்டபமாகிவிட்டது. சாயங்கால மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் தூண்களுக்கு நடுவே நுழைந்ததும் அந்தச் சத்தம் அப்படியே அடங்கி, பன்னீர் மணக்க வேண்டிய இடத்தில் நனைந்து ஊறிய தோலின் நாற்றம் குப்பென்று வந்தது. பின்கதவு திறந்தது. வண்டி லேசாக அமுங்கியது. கதவு டப்பென்று சாத்திக்கொண்டது.

முதலாளி வீட்டார் ஏறும்போது திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை. கதவுச் சத்தம் கேட்டால் கிளம்ப வேண்டியதுதான். பதினோரு வருஷப் பழக்கம். தூண் பக்கமாக வந்து ஏறியிருப்பார்கள் என்று நினைத்தான். பின்னால் எவனோ விடாமல் ஹாரன் அடிக்க, கிளம்பிவிட்டான்.

கேட்டைத் தாண்டியதும் போன் அடித்தது. ஸ்ரீவித்யா மேடம்.

"எங்க போறீங்க டென்சில்? நானும் அனுஷாவும் இப்பதான் போர்டிகோவுக்கு வந்தோம்."

கண்ணாடியில் பார்த்தான். பின்சீட் காலி. ஆனால் பெல்ட் போடவில்லை என்று வண்டி கீங் கீங்கென்று கத்திக்கொண்டிருந்தது. சீட்டில் பாரம் இருந்தால்தான் அது கத்தும்.

ஏற்றின இடத்திலேயே இறக்கிவிட்டுவிட வேண்டும், வேறொன்றும் தோன்றவில்லை. "மாதாவே, மாதாவே" என்று முணுமுணுத்தபடி சுற்றிவந்து, மறுபடி அந்தத் தூண்களுக்கு நடுவே நிறுத்தினான்.

"இறங்கிக்கோங்க," என்றான், திரும்பாமல்.

யாரும் இறங்கிய மாதிரி வண்டி அசையவில்லை.

அனுஷா படியிறங்கி ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று நாள் குழந்தையாக அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் அவன். எல்லாக் கதவுகளையும் பூட்டினான்.

"பாப்பா, ஏறாத! மேடம், வேற வண்டி புடிச்சிக்கோங்க, இது வேணாம்!"

"என்ன விளையாட்டு இது? கதவத் திறங்க!" மேடம் கண்ணாடியைத் தட்டினாள்.

பின்கதவில் உள்ளிருந்து திறக்க முடியாதபடி சைல்டு லாக். பாப்பாவுக்காக அவனே போட்டது.

டக்.

கதவு உள்ளிருந்து திறந்தது. அனுஷா துள்ளி ஏறினாள். கதவு மூடிக்கொண்டது. டென்சில் பூட்டைத் திறக்கும் பட்டனை அழுத்தினான். திறக்கவில்லை. மறுபடி. திறக்கவில்லை.

கண்ணாடியில் பாப்பா மட்டும்தான். சிரிப்பு நின்றுபோயிருந்தது. அவள் நெற்றியில் விழுந்த முடி தானாக எழும்பி, மெதுவாக, மிக மெதுவாக, காதுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டது.