மித்தி வாடை

மூன்றாவது ஞாயிறும் ஹரிதா மேல் வாடை இல்லை.

பாகீரதிக்கு இது சின்ன விஷயம் இல்லை. மித்தி ஆற்றங்கரையில் தொண்டர்களாகக் குப்பை அள்ளப் போகிறவர்கள் எந்தக் கோலத்தில் வீடு திரும்புவார்கள் என்று மாட்டுங்காவில் அவளைப் போல அறிந்தவர் கிடையாது. மகள் கீழே லிஃப்டில் கால் வைக்கும்போதே மூன்றாம் மாடிக்குத் தகவல் வந்துவிடும். அழுகிய முட்டை, தோல் சாயம், எரிந்த எண்ணெய், அதற்கும் அடியில் பெயர் வைக்க முடியாத ஏதோ ஒன்று எல்லாம் சேர்ந்த நாற்றம் வராந்தா முழுக்கப் பரவி, எதிர்வீட்டு சுஷ்மாவைக் கதவைச் சாத்த வைக்கும். அதனால் பாகீரதி ஒரு சட்டம் போட்டிருந்தாள். ஆற்றிலிருந்து வருகிறவள் எதையும் யாரையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போக வேண்டும். உடுத்தியதை டெட்டால் வாளியில் முக்க வேண்டும். தலைக்கு விட்டுக்கொண்ட பிறகுதான் அம்மா, அப்பா எல்லாம்.

இந்தச் சட்டத்துக்காக எட்டு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் சண்டை. "ஊருக்கு நல்லது பண்ணிட்டு வரேன், என்னையே குப்பையாட்டம் பாக்கறே!" என்று ஹரிதா வேண்டுமென்றே கையை நீட்டிக்கொண்டு துரத்துவாள். இருபத்தாறு வயது, லோயர் பரேலில் வேலை, வாய் மட்டும் எட்டு வயதுக் குழந்தையின் வாய்.

இப்போது சண்டை இல்லை. வாசல்படிக்கு வெளியே கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். "குளிக்கட்டுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அடங்காத பெண் திடீரென்று அடங்கிவிட்டால் பெற்றவள் சும்மா இருப்பாளா?

"ஏன்னா, அவ மேல வாடையே இல்லை, கவனிச்சேளா?"

பஞ்சாபகேசன் பேப்பரைத் தாழ்த்தவில்லை. "இருந்தாலும் புகார், இல்லேன்னாலும் புகாரா?"

அவர் அப்படித்தான். வீடு பற்றி எரிந்தாலும் தலையங்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். பாகீரதி தானே துப்புத் துலக்கினாள். ஆறு என்று சொல்லிவிட்டுப் பெண் வேறெங்கோ போகிறாள், யாரோ ஒரு பையன் இருக்கிறான், வேறென்ன இருக்கப்போகிறது? ஆனால் வெளியே கழற்றிப் போட்ட ஷூவைப் புரட்டிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறச் சேறு கெட்டியாக அப்பியிருந்தது. முகர்ந்தும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மண் வாசனைகூட இல்லை.

அன்றிலிருந்து மகளைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஹரிதா இப்போதெல்லாம் தினமும் ஒரு மணி நேரம் குளித்தாள். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் ஒரே சீராக வந்தது, சோப்புப் போட யாரும் நிறுத்துவார்களே அந்த இடைவெளிகூட இல்லாமல். வெளியே வரும்போது அவள் விரல் நுனிகள் சுருங்கியிருக்காது. அவள் போன பிறகு சாக்கடைத் துவாரத்தின் சல்லடை மூடியில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். திங்கள், செவ்வாய், புதன். ஆற்றுப் பக்கமே போகாத நாட்களிலும். பாகீரதி விளக்குமாற்றால் தள்ளித் தள்ளிக் கழுவினாள்.

வியாழக்கிழமை காப்பி டம்ளரைக் கொடுக்கும்போது விரல் பட்டது. மண்பானையைத் தொட்டது போல ஜில்லென்று இருந்தது. ஹரிதா சிரித்தாள், சரியாக எவ்வளவு சிரிக்க வேண்டுமோ அவ்வளவு.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஃபேமிலி ரைடு இருக்கும்மா. கயாக் படகுல கூட்டிண்டு போவா. நீயும் வாயேன்."

எட்டு மாதமாக மகள் கெஞ்சியும் போகாத பாகீரதி, "வரேன்" என்றாள். அந்தப் பையனையாவது பார்த்துவிடலாம்.

தாராவியைத் தாண்டி ஆறு அகலமாகும் இடத்தில் படகுத்துறை. மூங்கில் கழிகளில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்கின. பத்துப் பதினைந்து குடும்பங்கள் வடாபாவ் தின்றுகொண்டு படகுக்குக் காத்திருந்தன. ஜாக்கெட்டுகளுக்கு நடுவில் நின்றவன்தான் சாஜன், இந்தத் தொண்டர் குழுவை நடத்துகிறவன். கறுத்து, மெலிந்து, கண்ணாடி போட்டிருந்தான். இவன்தானா என்று பாகீரதி ஏற இறங்கப் பார்த்தாள்.

அவனோ அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "ஆன்ட்டி, ஒண்ணு கேக்கட்டா? ஹரிதாவுக்கு எங்க மேல எதுவும் கோவமா?"

"ஏன் கேக்கறே?"

"மூணு வாரமா எங்ககூட ஒரு சாயாகூடக் குடிக்க மாட்டேங்கா. வாரா, தனியா படக எடுத்துட்டு அலையாத்திக் காட்டுக்குள்ள போறா, வாரா. குப்பை அள்ளுற வலையில ஒரு பிளாஸ்டிக் பைகூட இருக்காது. அன்னைக்கு நாங்க விட்டுட்டு வந்தோம்னு நெனைக்காளோ என்னமோ."

"விட்டுட்டு வந்தேளா?"

"இல்ல ஆன்ட்டி! மூணு வாரத்துக்கு முந்தி ஒரு ஞாயித்துக்கெழம கடல் தண்ணி சீக்கிரம் ஏறிட்டு. எல்லாரையும் வெரட்டிக் கரைக்கு ஏத்துனோம். பதினாலு ஜாக்கெட் போச்சு, பதினாலும் கழியில தொங்கிச்சு. நாங்க ஆள எண்ண மாட்டோம், ஆளு டீக்கடைக்குப் போவும், பாத்ரூம் போவும். ஜாக்கெட்டத்தான் எண்ணுவோம். அவ ஜாக்கெட்டுதான் கடைசியா வந்திச்சு. சொட்டச் சொட்ட நனைஞ்சி கெடந்திச்சு."

"அவ வந்ததை நீ பாத்தியா?"

சாஜன் கழியில் தொங்கிய ஜாக்கெட்டுகளைத் திரும்பிப் பார்த்தான். "ஜாக்கெட் இருந்திச்சில்லா, ஆன்ட்டி."

"அம்மா." ஹரிதா கயாக்கைத் தண்ணீரில் இறக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏறு. நாழியாறது."

பாகீரதி திரும்பி சாலையைப் பார்த்தாள். ஒரு டாக்ஸி பிடித்தால் பதினைந்து நிமிடத்தில் வீடு. ஆனால் வீட்டுக்குப் போய் என்ன செய்வது? மறுபடியும் அந்தக் குளியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? என் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இனி ஒரு வாய்ச் சோறு இறங்காது. புடவையைத் தூக்கிப் பிடித்து ஏறினாள். முன்னிருக்கை அவளுக்கு. துடுப்புப் போடுகிறவள் பின்னால்.

முதலில் எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது. பாலத்தின் மேல் லோக்கல் ரயில் தடதடத்துப் போயிற்று, தூரத்துக் கட்டடங்களின் கண்ணாடியில் மாலை வெயில் சிவந்தது, கறுத்த தண்ணீரில் குமிழ்கள் கிளம்பி உடைந்து அந்தப் பழைய நாற்றம் மூக்கைத் துளைத்தது, அதில் பாகீரதிக்கு விசித்திரமான ஒரு ஆறுதல்கூட இருந்தது. கரையில் குழந்தைகள் கைகாட்டின. அவளும் காட்டினாள். பின்னால் துடுப்பு ஒரே சீராக விழுந்தது, சளப், சளப் என்று, குளியலறையில் கேட்ட அதே கணக்கில்.

அலையாத்திக் காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது; வேர்கள் விரல்விரலாகச் சேற்றுக்கு வெளியே நின்றன. ரயில் சத்தம் தேய்ந்தது. தாழ்ந்து தொங்கிய ஒரு மரக்கிளையைத் தாண்டியதும் நாற்றம் அறவே நின்றது.

இங்கே எந்த வாடையும் இல்லை.

"ஹரிதா, திரும்பலாம்."

சளப்.

"சொன்னாக் கேளுடி. இருட்டப் போறது."

சளப். பாகீரதி திரும்பிப் பார்க்கவில்லை. முடியவில்லை. பின்னால் மூச்சுவிடும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினாள். கேட்கவில்லை. புறப்பட்டதிலிருந்தே கேட்கவில்லை.

கயாக் சேற்றில் தட்டி நின்றது.

வேர்களுக்கு நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகு வேரில் சாய்ந்திருந்தது. கால்கள் நீட்டியிருந்தன. தலைமுடிவரை சேறு காய்ந்து மூடியிருந்தது. ஜாக்கெட் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது, யாரையோ கூப்பிட்ட மாதிரி.

பெற்றவளுக்கு அடையாளம் சொல்ல வேண்டுமா? அந்த மோவாய் பஞ்சாபகேசனுடையது. அந்தக் காது அவள் மடியில் வைத்துக் குத்திவிட்ட காது.

மூன்று வாரம். வாசலில் வந்து நின்ற அதற்கு வெந்நீர் போட்டாள். தட்டு வைத்தாள். காப்பி ஆற்றிக் கொடுத்தாள். அவள் குழந்தை இங்கே கிடந்தது. பசியோடு. தனியாக. தேட ஆளில்லாமல்.

"என் கண்ணே" என்றாள். சேற்றை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பாத்தியாம்மா?" குரல் காதருகே வந்தது. மூச்சு இல்லாமல். "பக்கத்துல பாரு."

பக்கத்தில் சேறு புடைத்திருந்தது.

முதலில் மேடு என்றுதான் நினைத்தாள். அப்புறம் தடித்த கணுக்கால்கள். கொசுவம். மடிப்பு மடிப்பாக. முப்பது வருடம் ஆபீஸ் ரயிலில் பை மாட்டித் தொய்ந்த இடது தோள், அவளுடையதேதான். முகம் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருந்தது.

அவள் பார்க்கப் பார்க்க இரண்டு குழிகள் விழுந்தன. மூக்கு எழும்பியது. உதடு பிரிந்தது.

கயாக் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

வேரைப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி, அது எழுந்தது. நின்றது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டது.